எயார் எடுத்தும் ஏறாத பெடல்

"நாலு சில்லிலும் எயார் எடுத்துவிட்டேன். ரியூப்பில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் பெடல் பாதித் தூரம் கீழே போன பிறகுதான் பிறேக் பிடிக்கிறது." மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பக்கத்தில் நிற்பவர் சொல்லும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ." இன்னொரு போத்தல் பிறேக் ஒயில் வரும், இன்னொரு பின்னேரம் போகும், பெடல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் இதை ஆறுதலாகப் பேசிவிடலாம். பெடல் கீழே போவதற்கு எயார் ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல. மைனரைப் பொறுத்தவரை அதை முதலில் சந்தேகிக்கவும் தேவையில்லை. எயார் எடுக்கும் எந்த நிப்பிளையும் தளர்த்துவதற்கு முன்னர், பெடல் எந்த விதமாகக் கீழே போகிறது என்று காலால் பார்த்து அறியவேண்டும். அதைச் செய்தால் வேலையில் அரைவாசி முடிந்த மாதிரி.

முதலில் காரைப் பற்றிச் சுருக்கமாக. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு இலட்சம் கார்கள் அளவில் செய்யப்பட்டன. இலங்கையில் அது வெறும் காட்சிப் பொருளாகிவிடவில்லை. வேலைக்குப் போகிற காராக இன்னும் ஓடுகிறது. இங்கே செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மைனர் திருத்தும் நிலையத்துக்குக் கப்பலேறிய காலமும் உண்டு. 1956இல் வந்த மைனர் 1000 இன் எஞ்சின் 948 சிசி. 1962இல் அது 1098 சிசி ஆனபோது முன் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதானது. பழைய காருக்குப் புதிய எஞ்சின், புதிய காருக்குப் பழைய அச்சு என்று மாற்றிப் போட்டவை நம்மிடம் நிறைய இருப்பதால், பாகம் வாங்குவதற்கு முன் டிரம்மை அளந்து பார்ப்பது நல்லது.

பிறேக் லொக்ஹீட் முறை, நாலு சில்லிலும் டிரம். இந்த லொக்ஹீட் விமானம் செய்த அதே குடும்பப் பெயர்தான். மல்கம் லொக்ஹீட் 1917இல் ஹைட்ரோலிக் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சகோதரர் அலன் விமானத் தொழிலில் இருந்தார். பிரித்தானியக் கார்களுக்கு லொக்ஹீட் பிறேக்கைச் செய்தது லெமிங்டன் ஸ்பாவில் இருந்த ஓட்டோமொட்டிவ் புரொடக்ற்ஸ் நிறுவனம்.

மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள், பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆக ஆறு. எல்லாவற்றுக்கும் ஒயில் தள்ளுவது ஒரே ஒரு மாஸ்ரர் சிலிண்டர். அது எஞ்சின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேசிஸின் பெட்டிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கார்பெற்றைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் ஒயில் ஊற்றும் அடைப்பு தெரியும். மைனரில் எயார் எடுக்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு இந்த இருப்பிடமே காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது கணக்கு ஒன்று. மாஸ்ரர் சிலிண்டரின் உள்விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22 மில்லிமீற்றர் அளவு. பிஸ்ரன் 25 மில்லிமீற்றர் நகர்ந்தால் அது தள்ளும் ஒயில் 10 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு தேக்கரண்டி. அந்த இரண்டு தேக்கரண்டி ஒயில்தான் ஒரு காரை நிறுத்துகிறது. ஒயில் அமுங்குவதில்லை. ஒரு முனையில் தள்ளினால் அடுத்த முனையில் அவ்வளவும் வேலை செய்யும். காற்று அப்படி அல்ல. பலமாகப் பிறேக் பிடிக்கும்போது குழாய்க்குள் வரும் அழுத்தத்தில் ஒரு குமிழி ஏறக்குறைய இல்லாமலே போகும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே உள்ளே 4 மில்லிலீற்றர் காற்று நின்றால் உங்களுடைய 10 மில்லிலீற்றரில் 4 அந்தக் காற்றைச் சுருக்கவே போய்விடும். எயார் ஏன் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அதே கணக்கின் மறுபக்கத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே தேவைக்கு மேலதிகமாக இடைவெளி இருந்தால் அதை நிரப்பவும் ஒயில்தான் போகவேண்டும். சில்லுச் சிலிண்டரும் மாஸ்ரர் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர்களிலும் பிஸ்ரன் 1 மில்லிமீற்றர் மேலதிகமாக நகரவேண்டி வந்தால் மாஸ்ரர் பிஸ்ரன் 6 மில்லிமீற்றர் வீணாக நகரும். பெடல் ஒரு நெம்புகோல் என்பதால் காலுக்கு அது இன்னும் பல மடங்காகத் தெரியும். காற்றுத் துளிகூட இல்லாத பிறேக்கிலும் பெடல் தரையைத் தேடிப் போவது இப்படித்தான்.

சரி, காலை வையுங்கள். எஞ்சின் ஓடத் தேவையில்லை. இந்தக் காரில் பிறேக்குக்கு எஞ்சினின் உதவி எதுவும் இல்லை.

முதல் அமத்தலில் பெடல் கீழே போகிறது. உடனே விட்டு இன்னும் ஒன்றிரண்டு தடவை கெதியாக அமத்தினால் மேலே வந்து கல்லு மாதிரி நிற்கிறது. சற்று நேரம் விட்டுவிட்டு அமத்தினால் திரும்பக் கீழே. இது பெரும்பாலும் லைனிங் ஒட்டிய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள இடைவெளி. மேலே வருகிறது, ஆனால் கல்லாக நிற்காமல் காலுக்குக் கீழே துள்ளுகிறது என்றால் எயார். சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு அமத்திப் பார்த்தவர்களுக்கு அந்தத் துள்ளல் உடனே பிடிபடும். காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் எங்கோ ஒயில் தப்பிப் போகிறது. ஒன்றில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்ரர் சிலிண்டருக்குள்ளேயே கப் றப்பரைத் தாண்டிப் பின்னால் போகிறது. பெடல் உயரமாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் எயாரை மறந்துவிடுங்கள். லைனிங்கில் கிறீஸ் பட்டிருக்கும், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கும். ஓட ஓடப் பெடல் உயர்ந்துகொண்டே போய்ச் சில்லுகள் கொதிக்கின்றன என்றால் போன ஒயில் திரும்பிவர வழியில்லாமல் இருக்கிறது.

இரண்டாவது அமத்தலில் பெடல் ஏன் உயர்கிறது? பலரும் இதை எயாருக்கு அடையாளம் என்று நினைத்துவிடுகிறார்கள். மாஸ்ரர் பிஸ்ரன் திரும்பி வரும்போது, பிஸ்ரன் தலையில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பின்புறத்து ஒயில் கப் றப்பரின் விளிம்பை வளைத்துக்கொண்டு முன்னால் வரும். குழாயில் இருக்கும் ஒயிலோ, மாஸ்ரரின் நுனியில் உள்ள வால்வு காரணமாக உடனே திரும்பிவிடாது. நீங்கள் கெதியாக இரண்டாவது தடவை அமத்தும்போது பழைய ஒயில் இன்னும் வெளியே நிற்கிறது, ஷூக்கள் டிரம்முக்குக் கிட்டவே இருக்கின்றன, புதிய ஒயிலும் பின்னால் சேர்ந்துவிட்டது. ஆகவே பெடல் உயரும். இடைவெளி கூடியிருந்தாலும் இது நடக்கும், எயார் இருந்தாலும் நடக்கும். உயர்ந்த பிறகு அது துள்ளுகிறதா, இறுகி நிற்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான், ஏனென்றால் ஒரு ஸ்குரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் போதும். காரைத் தூக்கி ஸ்ராண்டில் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவேண்டாம். ஹான்ட் பிறேக்கை முழுதாக இறக்குங்கள். சில்லைக் கழற்றினால் டிரம்மில் ஒரு துவாரம் தெரியும். டிரம்மைச் சுழற்றிக் கொண்டுவந்தால் அதற்குள் அட்ஜஸ்ரரின் வெட்டு கண்ணில் படும். முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று. ஆறையும் டிரம் அசையாமல் பூட்டும் வரை வலஞ்சுழியாக இறுக்குங்கள். இப்போது பெடலை அமத்துங்கள். ஷூக்கள் ஏற்கெனவே டிரம்மில் ஒட்டியிருப்பதால் அவை நகர இடமில்லை. பெடல் மேலேயே கல்லாக நின்றால் உங்களுடைய ஒயிலில் குறை இல்லை. குறை முழுவதும் அட்ஜஸ்மென்ரில். அப்போதும் துள்ளினால் எயார் அல்லது பழைய ஹோஸ். இறங்கினால் கசிவு அல்லது மாஸ்ரர்.

அட்ஜஸ்மென்ருக்கு ஒரு முறை இருக்கிறது. இறுக்கிப் பூட்டிய பிறகு பெடலைப் பலமாக ஒரு தடவை அமத்தி விட்டால் ஷூக்கள் நடுவுக்கு வந்து படியும். பிறகு திரும்பவும் இறுக்கிப் பார்த்தால் இன்னும் ஒரு வெட்டுப் போகலாம். அதற்குப் பிறகே ஒரு வெட்டு மட்டும் தளர்த்தவேண்டும். டிரம் தடையில்லாமல் சுழல வேண்டும், லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. முன் சில்லில் ஒரு அட்ஜஸ்ரரைத் திருப்பிவிட்டு மற்றதை மறப்பவர்கள் நிறைய. துவாரம் ஒன்றுதான் என்பதால் டிரம்மை அரைச் சுற்றுச் சுழற்றித் தேடினால்தான் இரண்டாவது தெரியும். பின்பக்கத்தில் வேறு கவனம் வேண்டும். அங்கே சிலிண்டர் பின் தகட்டின் வெட்டுக்குள் முன்னும் பின்னும் வழுக்கவேண்டும். சேறும் துருவும் சேர்ந்து அது இறுகிவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். ஹான்ட் பிறேக் கம்பியை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தால் ஷூக்கள் சரியான ஓய்வு நிலைக்கு வராது, நீங்கள் என்ன அட்ஜஸ்ற் பண்ணினாலும் பொய்யாகத்தான் முடியும். ஹான்ட் பிறேக் கம்பியை எப்போதும் கடைசியில்தான் தொடவேண்டும்.

புதிதாக லைனிங் போட்ட காரில் இன்னொரு ஏமாற்று உண்டு. டிரம்மைக் கடைந்து பெரிதாக்கியிருப்பார்கள், லைனிங்கோ பழைய வளைவில் இருக்கும். அப்போது லைனிங் நடுவில் மட்டும் தொடும், இரண்டு நுனியும் தொடாது. பலமாக அமத்தும்போது ஷூ சற்று வளைந்து கொடுக்கும், காலுக்கு அது எயார் மாதிரியே துள்ளும். இந்தத் துள்ளலை எந்த நிப்பிளாலும் வெளியே எடுக்க முடியாது. லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு அராவ வேண்டும், அல்லது ஓடிப் படியும் வரை காத்திருக்க வேண்டும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரம்மைக் கழற்றியதும் கொம்பிரஷரால் ஊதித் துடைக்கும் பழக்கம் நம் கராஜ்களில் இருக்கிறது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடையுங்கள். வேலை பழகும் பெடியன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இனிக் காலடியில் உள்ள மாஸ்ரர் சிலிண்டருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் செம்மண் தூசியும் கடற்காற்றின் உப்பும் முதலில் போய்ச் சேர்வது அந்த இடத்துக்குத்தான். மூடியைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மண் முழுவதையும் துடைத்து எடுங்கள். அதற்குள் விழும் ஒரு மணல் கப் றப்பரைக் கிழிக்கப் போதும்.

அடைப்பைத் திறந்து, ஒருவரை மெல்லப் பெடலை அமத்தச் சொல்லிவிட்டு உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். அமத்தல் தொடங்கும் கணத்தில் ஒயிலில் ஒரு சிறு ஊற்றுக் கிளம்பினால் நல்லது. ஊசி முனை அளவான திரும்பல் துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஊற்று இல்லவே இல்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது கப் றப்பர் அதன்மேல் நிற்கிறது. பெடலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் உள்ள கம்பி மிக நீளமாக வைக்கப்பட்டிருந்தால் இப்படி நடக்கும். பெடல் ஓய்வில் இருக்கும்போது அந்தக் கம்பிக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தளர்வு இருக்கவேண்டும். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் சில்லு கொதிக்கும். கூடிவிட்டால் பெடல் வீணாகக் கீழே போகும். எயார் எடுக்குமுன் பார்க்கவேண்டிய இடம் இது, ஏனென்றால் துளை மூடியிருந்தால் சிலிண்டர் ஒழுங்காக நிரம்பாது. இன்னொன்று, பெடலை அமத்தியபடி வைத்திருக்கும்போதும் உள்ளே ஒயில் தொடர்ந்து சுழன்றுகொண்டிருந்தால் கப் றப்பர் தேய்ந்துவிட்டது. அப்படியானால் எயார் எடுப்பதில் பயனில்லை.

மாஸ்ரரைப் பிரித்துப் பூட்டிய பிறகு தொடங்கும் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் நுனியில் உள்ள அந்த வால்வுதான். சிலிண்டரின் அடியில் ஒரு றப்பர் வாஷர், அதன்மேல் வால்வு, பிறகு சுருள், பிறகு கப், அதற்கும் பிஸ்ரனுக்கும் இடையில் ஒரு மெல்லிய வளைந்த தகட்டு வாஷர். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. வால்வு குழாயில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தம்தான் சில்லுச் சிலிண்டர்களின் கப் றப்பர்களை விரித்து வைக்கிறது. வால்வு படியாவிட்டால் பெடலை விடும் ஒவ்வொரு தடவையும் றப்பர்களின் விளிம்பு வழியாகக் காற்று உள்ளே இழுபடலாம். வெளியே ஒரு துளி ஒயில்கூடக் கசியாது, ஆனால் இன்று எடுத்த எயார் அடுத்த கிழமை திரும்ப வந்து நிற்கும். "கசிவே இல்லை, எப்படிக் காற்றுப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை இது. தகட்டு வாஷரை மறந்து பூட்டினால் கப் றப்பர் பிஸ்ரன் துளைகளுக்குள் அகப்பட்டுக் கடிபடும். பெடல் கொஞ்ச நாள் நன்றாக இருந்து பிறகு இறங்கத் தொடங்கும்.

கழற்றப் போகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கை: மாஸ்ரரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நேராக உருவ முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் வழிவிடாது. டோர்ஷன் பாரை நகர்த்தாமல் அவை வரமாட்டா. திரும்பப் பூட்டும்போது பலர் போல்ட்டை மறுபக்கத்திலிருந்து போடுகிறார்கள், அடுத்த தடவை கழற்றுபவருக்குப் பாடு இல்லை. அதில் பிழை ஒன்றும் இல்லை என்பதே என் எண்ணம்.

புதிய மாஸ்ரரைக் காய்ந்தபடி பூட்டவேண்டாம். முதலில் வைசில் மட்டமாகப் பிடித்து ஒயில் ஊற்றி, வெளிவாயில் குமிழி வருவது நிற்கும்வரை பிஸ்ரனை மெல்லத் தள்ளித் தள்ளி விடவேண்டும். காரில் ஏற்கெனவே பூட்டிவிட்டீர்கள் என்றால் வெளியேறும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, கீழே துணி வைத்து, அங்கேயே முதலில் எயார் எடுங்கள். மாஸ்ரருக்குள் நிற்கும் காற்று பின் சில்லு வரை நடந்து போய் வெளியே வரும் என்று எதிர்பார்த்துப் போத்தல்களைக் காலி பண்ணுவதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகே நிப்பிளில் கை வைக்கலாம். மாஸ்ரரிலிருந்து அதிக தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குவது வழக்கம். நம் நாட்டுக் காரில் மாஸ்ரர் வலப்பக்கம் என்பதால் இடது பின் சில்லு, வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். நிப்பிளில் தெளிவான ரியூப், அதன் மறுமுனை ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். ஒருவர் காருக்குள், ஒருவர் கீழே. கீழே இருப்பவர் "அமத்து" என்றதும் பெடல் இறங்கும். "பிடி" என்றதும் அங்கேயே நிற்கவேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". உள்ளே இருப்பவர் சொல்லுக்கு முன்னர் காலைத் தூக்கினால் போன காற்று அதே வழியால் திரும்பிவிடும்.

இறக்கும்போது தயங்காமல் இறக்கவேண்டும். பின்பக்கக் குழாயில் மேடு உள்ள இடங்களில் குமிழி போய் நிற்கும். ஒயில் மெல்ல ஓடினால் அதைத் தாண்டிப் போய்விடும், வேகமாக ஓடினால்தான் குமிழியை இழுத்துக்கொண்டு போகும். விடும்போது மட்டும் ஆறுதலாக. விட்ட பின் சில வினாடி பொறுத்தால் சிலிண்டர் நிரம்பும். பழைய மாஸ்ரராக இருந்தால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் பிஸ்ரன் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். பெடல் தரை வரை போனால் கப் றப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். எயார் எடுக்கும்வரை நன்றாக இருந்த மாஸ்ரர் எடுத்த பிறகு பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாஸ்ரரில் ஒயில் கொள்ளும் அளவு மிகச் சிறிது. சில தடவை அமத்தினால் வற்றிவிடும். வற்றினால் காற்று திரும்ப முழுக் குழாய்க்கும் போகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். மூன்றாவது ஆள் ஒருவர் கதவடியில் குந்தியிருந்து ஒயில் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது மைனரில் ஆடம்பரம் அல்ல.

முன் சில்லில் குமிழி தீராமல் இருந்தால் இரண்டு சிலிண்டர்களையும் இணைக்கும் சிறு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒயில் ஒரு சிலிண்டரால் நுழைந்து, அந்தக் குழாயால் மற்றதுக்குப் போய், அங்கே நிப்பிளால் வெளியேறும். இடது பக்கச் சிலிண்டரை வலது பக்கத்தில் பூட்டிவிட்டால் நிப்பிள் இருக்கவேண்டிய உயரத்தில் இருக்காது. காற்று மேலே நிற்கும், நீங்கள் கீழிருந்து ஒயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ரியூப்பில் குமிழி வராது, பெடல் மட்டும் துள்ளும்.

இதற்கு நேர்மாறாக, ரியூப்பில் குமிழி ஓயாமல் வருகிறது, ஆனால் பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால் பயப்படவேண்டாம். தளர்த்திய நிப்பிளின் புரி வழியாக வெளிக்காற்று ரியூப்புக்குள் இழுபடுகிறது. உறிஞ்சும் பம்ப் பாவித்தால் இது இன்னும் கூடும். புரியின் வெளிப்பகுதியில் சிறிது றப்பர் கிறீஸ் பூசினால் நிற்கும். ரியூப்பை நம்புவதா, பெடலை நம்புவதா என்று வந்தால் பெடலைத்தான் நம்பவேண்டும்.

மைனரில் வளையும் ஹோஸ் மூன்று: முன் சில்லுகளுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று. பழையது பெடலை அமத்தும்போது ஊதிக்கொள்ளும், அந்த இடத்தைக் கையால் பிடித்தாலே தெரியும். சிலவேளை உள்ளே றப்பர் பிரிந்து ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகிவிடும், ஒயில் போகும், திரும்பாது. வயது தெரியாத ஹோஸ் என்றால் மூன்றையும் மாற்றிவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள். இந்தக் காரில் ஒரே ஒரு ஒயில் வழிதான். எங்கே வெடித்தாலும் நாலு சில்லின் பிறேக்கும் ஒன்றாகப் போய்விடும், ஹான்ட் பிறேக் மட்டுமே மிஞ்சும்.

ஒயிலைப் பற்றி. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, டொட் 4 என்றால் 230. இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் 3.7 சதவீதமானதும் அந்த எண்கள் 140க்கும் 155க்கும் இறங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணத்துச் சமதரையில் இது தெரியாது. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது, தொடர்ந்து பிறேக்கில் காலை வைத்தபடி வந்தால், அந்த ஈரம் கொதித்து ஆவியாகிப் பெடல் திடீரென்று கீழே போகும். ஆறிய பிறகு திரும்ப வந்துவிடும். அதையும் எயார் என்று நினைத்து எடுத்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒயிலை முழுதாக மாற்றுவதுதான் வழி. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது, திறந்து வைத்த போத்தலில் மிஞ்சியதை ஊற்றவேண்டாம். ஊதா நிறத்துச் சிலிக்கோன் ஒயில், அதாவது டொட் 5, ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ரையும் அரிக்காது என்பதால் பழைய கார் பிரியர்கள் சிலர் விரும்புவார்கள். ஆனால் அதைக் குலுக்கினால் நுண்குமிழிகள் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அதை மற்றதோடு கலக்கவும் கூடாது. அதை ஊற்றியிருந்தால் போத்தலைக் குலுக்காமல், பெடலை நிதானமாக அமத்தி எடுங்கள், ஓர் இரவு விட்டு மறுநாள் திரும்ப ஒருமுறை எடுங்கள்.

கடைசியாக மண்ணெண்ணெய். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைத் துளித்துளியாக ஊற்றி எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கமும் நமக்கு உண்டு. எஞ்சினுக்குச் சரி. பிறேக் கப் றப்பருக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எது பட்டாலும் அந்த றப்பர் ஊதிப் பெருத்துச் சிலிண்டரில் இறுகிவிடும். மாஸ்ரரின் திரும்பல் துளையை மூடிவிடும். புதிய றப்பர் போட்ட கொஞ்ச நாளில் பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, சிலிண்டரை எதில் கழுவினார்கள் என்பது. மெத்திலேற்றட் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவிட்டு, புதிய பிறேக் ஒயிலைத் தடவிப் பூட்டவேண்டும். ஒரு தடவை மண்ணெண்ணெய் உள்ளே போயிருந்தால் ஒயிலை மாற்றுவது மட்டும் போதாது, ஆறு சிலிண்டரினதும் மாஸ்ரரினதும் றப்பர்கள், மூன்று ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். செலவுதான், ஆனால் குறுக்கு வழி இல்லை.

எல்லாம் பூட்டிய பிறகு பெடலைப் பலமாக அமத்தி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பார்க்கட்டும், கண்ணுக்குத் தெரியாத கசிவு கடதாசியில் தெரியும். முதல் ஓட்டத்துக்கு முன் ஹான்ட் பிறேக் தனியாகக் காரை நிறுத்துகிறதா என்று பாருங்கள். ஆளில்லாத ஒழுங்கையில் மெல்ல ஓட்டி நிறுத்தி, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இறங்கி நாலு டிரம்மையும் கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். மறுநாள் காலை முதல் அமத்தலில் பெடல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கார்பெற்றை விரிக்கவேண்டும். புதிய லைனிங் என்றால் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஆறு அட்ஜஸ்ரர்களையும் இன்னொருமுறை திருப்பிப் பாருங்கள். லைனிங் படியப் படிய இடைவெளி கூடிப் பெடல் திரும்ப இறங்கும், அதற்கும் எயார் எடுக்கத் தேவையில்லை.